அண்டாவை இறக்கிவையுங்கள், நத்தைகளை எண்ணுங்கள்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் வாசகர், ஆறு புகைப்படங்களுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுக் கூடத்தில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அதன் கீழே உள்ள சம்ப்பையும் (தண்ணீரை வடிகட்டும் சிறு தொட்டி) சேர்த்தால் 300 லிட்டர். தொட்டிக்கு இரண்டு வயது. இரண்டு க்ளவுன் மீன், மூன்று டாம்செல், ஒரு கிளீனர் இறால், பாறை முழுக்கப் படர்ந்த பட்டன் பாலிப்புகள் (பொத்தான் போன்ற, பவளத்தின் உறவுக்காரப் பிராணிகள்), கொஞ்சம் மஷ்ரூம் பவளம், ஒரு லெதர் பவளம் இருக்கின்றன. கல் போல எலும்புக்கூடு கட்டும் கல் பவளம் எதுவும் இல்லை.

முதல் ஒன்றரை வருடம் தொட்டி படம் போல இருந்ததாம். போன ஜனவரியிலிருந்து பச்சைப் பாசி. ஆறு மாதமாக அவர் செய்யாதது இல்லை. மூன்று நாள் விளக்கை அணைத்துக் கறுப்புத் துணி போட்டு மூடினார். பாசி வெளுத்தது, இரண்டே வாரத்தில் திரும்பி வந்தது. வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினார். பாசி இன்னும் செழித்தது. டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். ‘சாப்பாடே இல்லாமல் இது எப்படி வளர்கிறது?’ என்று கேட்கிறார். கடைக்காரர் பாசி கொல்லி ஒன்றைக் கொடுத்திருக்கிறார், பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. நண்பர் ஒருவர் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையைத் தொட்டியில் போடச் சொல்கிறார். இன்னொருவர் ராமேஸ்வரத்திலிருந்து ‘ஃப்ரெஷ்ஷான’ கல் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்துசேரும்வரை, பழைய பாறைகளை எல்லாம் வெளியே எடுத்து மொட்டைமாடியில் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்துவிடலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. மாமியார், ‘இந்தப் பாசிக்குளத்துக்கா இவ்வளவு கரண்ட் பில்?’ என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ஏற்கெனவே அண்டாவை மாடிக்கு ஏற்றியிருந்தால் இறக்கிவிடுங்கள்.

உங்கள் நான்காவது படத்தில் பாறையை மூடிக்கிடக்கும் பட்டன் பாலிப்புகள் ஜோவாந்திட் வகை. இந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. விலங்குலகில் நமக்குத் தெரிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்கவைத்தாலோ, வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலோ நஞ்சு ஆவியோடும் திவலையோடும் காற்றில் ஏறும். மூச்சில் போனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், மூச்சுத் திணறல், தசைவலி, வாயில் கசப்பு என்று வரும். கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். மாற்று மருந்து கிடையாது. அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன் தொட்டிக் கடைகளிலும் வீடுகளிலும் இப்படி நஞ்சேறிய சம்பவங்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவுசெய்திருக்கிறது. மொட்டைமாடி திறந்த வெளிதானே என்று நினைக்காதீர்கள். துணி காயப்போட வருகிறவர்கள் இருக்கிறார்கள், அண்டா பக்கத்தில் நிற்கப்போவதும் நீங்கள்தான்.

ஒரு விநோதம் சொல்கிறேன். இந்த நஞ்சை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1971இல், ஹவாய்த் தீவுகளில். மாவி தீவில் ஹானா என்ற ஊர்ப் பக்கம் கடலோரக் குட்டை ஒன்றில் வளர்ந்ததை அங்குள்ள மக்கள் ‘ஹானாவின் சாவுப் பாசி’ என்று சொல்லி, ஈட்டி முனையில் தடவுவார்களாம். பாசி என்று அவர்கள் சொன்னது பாசியே இல்லை, இதே பட்டன் பாலிப்பின் உறவுக்காரப் பிராணி. எது பாசி, எது பாசி இல்லை என்ற குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி

உங்கள் கடிதத்தில் பாசியைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் கீழே, வேறு எதையோ சொல்லும்போது, ஒரே ஒரு வரி: ‘டிசம்பரில் நத்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன, சுமார் 12.’ அதற்கு அடுத்த வரியிலேயே ஸ்கிம்மருக்கு (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி) தாவிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நத்தைகள் செத்தது டிசம்பர், பாசி வந்தது ஜனவரி.

பாசி எதனால் வருகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கடல் பாறையில் பாசி எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். நல்ல பவளத்திட்டில் பாசி கண்ணில் படாததற்குக் காரணம், முளைக்க முளைக்க யாரோ தின்றுகொண்டிருப்பதுதான். கரீபியன் கடலில் இது ஊரறிய நடந்தது. 1983இல் பனாமா பக்கம் தொடங்கிய ஒரு நோய், பாசியை மேயும், நீண்ட முட்களுள்ள கறுப்புக் கடல் முள்ளெலிகளைச் சுமார் ஒரே வருடத்தில் அந்தக் கடல் முழுக்க 90 சதவீதத்துக்கு மேல் அழித்தது. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்திருந்த ஜமைக்காவில் மேய்வதற்கு அப்புறம் யாருமே மிச்சமில்லை. 1970களின் கடைசியில் பாதிக்கு மேல் பவளம் மூடியிருந்த பாறைகளில், 1990களின் தொடக்கத்தில் பவளம் 3 சதவீதம், பாசி 90 சதவீதத்துக்கு மேல். ஜமைக்காவில் நடந்தது உங்கள் கூடத்தில் 300 லிட்டரில் நடந்திருக்கிறது.

சரி, நத்தைகள் ஏன் செத்தன? அதற்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தண்ணீரைக் கோவளம் கடற்கரையிலிருந்து 20 லிட்டர் கேன்களில் கொண்டுவருகிறீர்கள். ஜனவரியில் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது அடர்த்தி எண் 1.021 காட்டியது, ‘கொஞ்சம் குறைவுதான்’ என்கிறீர்கள். கொஞ்சம் இல்லை. பவளத் தொட்டிக்கு 1.025 அல்லது 1.026 வேண்டும், அதாவது லிட்டருக்கு 35 கிராம் அளவு. 1.021 என்றால் 28 கிராம்தான். வடகிழக்குப் பருவமழையில் அடையாறும் கூவமும் முட்டுக்காடு கழிமுகமும் கடலில் கொட்டும்போது நம் கரையோரத் தண்ணீரில் உப்பு இறங்கிவிடும். முட்டுக்காட்டு வாய் திறப்பதே கோவளத்துக்குப் பக்கத்தில்தான். நவம்பர், டிசம்பரில் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அந்தத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறீர்கள். மீன்கள் தாங்கின. நத்தைகள் உப்பு மாற்றத்தைத் தாங்காது, இறுக மூடிக்கொண்டு கிடந்து செத்துப்போகும். அதே கேன்களில் ஆறும் சாக்கடையும் கொண்டுவந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வந்தன. மேய்கிறவர்களைக் கொன்றதும் பயிருக்கு உரம் போட்டதும் ஒரே தண்ணீர்தான்.

டெஸ்ட் கிட் பொய் சொல்லவில்லை

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம், அப்படியானால் சாப்பாடு இல்லை என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். பந்தி முடிந்தபின் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, ‘இங்கே சோறே சமைக்கவில்லை’ என்று சொல்வது போல இது. சோறு சாப்பிட்டவர் வயிற்றில் இருக்கிறது. தண்ணீரில் எது கரைந்தாலும் அடுத்த நிமிடமே பாசி இழுத்துக்கொள்கிறது, கிட் அளப்பது மிச்சத்தை மட்டும். இன்னொன்று, உங்கள் பாறைகள் இரண்டு வருடமாகப் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லின் குணம் அது. தண்ணீரில் பாஸ்பேட் கூடினால் பிடித்துக்கொள்ளும், குறைந்தால் மெதுவாக விட்டுக்கொடுக்கும். பாசி வேரூன்றியிருப்பதோ அந்தக் கல்லின் மேலேயே. இருட்டடிப்பு பலிக்காததும் இதனால்தான். மூன்று நாளில் வெளுத்துச் செத்த பாசியை நீங்கள் அள்ளவில்லை. அது அங்கேயே அழுகி, பிழைத்துக்கிடந்த பாசிக்குச் சாப்பாடாகிவிட்டது.

பூஜ்யத்தைப் பார்த்து நீங்கள் திருப்திப்படுவதுதான் எனக்குக் கவலை. பவளங்களுக்கும் கொஞ்சம் நைட்ரேட், கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருந்தால் போதும், பயப்பட வேண்டாம். நான் படித்துமுடித்து வைத்த முதல் தொட்டியில் இந்தப் பூஜ்யத்தைத் துரத்தினேன். இரும்பு ஆக்சைடு குருணை, சர்க்கரைக் கரைசல் என்று எல்லாம் போட்டு இரண்டையும் துடைத்து எடுத்தேன். முடிப்பாசி போயிற்று. அந்த இடத்துக்கு டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்தது, மூக்குச்சளி போலப் பழுப்பாக, உள்ளே காற்றுக்குமிழிகளோடு. அதைத் தின்ற நத்தைகள் செத்தன. உள்ளங்கை அளவு லெதர் பவளம் ஒரே மாதத்தில் கரைந்துபோனது. பாசியே தேவலை என்று இருந்தது.

சாஸரில் வைத்துப் பாருங்கள்

எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. அதனால் முதலில் உங்களிடம் இருப்பது எது என்று பார்த்துவிடுவோம். கையுறை போட்டுக்கொண்டு, பாலிப்புகள் இல்லாத இடத்தில் ஒரு கொத்துப் பாசியைப் பிடுங்கி, தொட்டித் தண்ணீர் ஊற்றிய வெள்ளைச் சாஸரில் போடுங்கள். செல்போன் கேமராவை எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நெருக்கத்தில் பாருங்கள். நனைந்த தலைமுடி போல இழை இழையாக, கிளை இல்லாமல், வெளியே எடுத்தால் தொளதொளவென்று சரிந்தால் அது சாதாரண முடிப்பாசி. நடுவில் ஒரு தண்டு, அதன் இரு பக்கமும் குட்டிக் குட்டிக் கிளைகள், பறவை இறகை நுனியில் வெட்டிவைத்தது போல இருந்தால் பிரையாப்சிஸ் என்ற பாசி. கம்பளிப் போர்வை மாதிரி குட்டையாகவும் முரடாகவும் இருந்து, பிடுங்கவே வராவிட்டால் டர்ஃப் பாசி. பச்சைக் கண்ணாடி கோலி போல உருண்டையாக இருந்தால் குமிழ்ப்பாசி, அதைத் தொட்டிக்குள் உடைக்கக் கூடாது. சிவப்பும் ஊதாவுமாக வழுவழுப்பான ஏடு போல உரிந்து வந்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா.

நீங்கள் முடிப்பாசி என்றே கடிதம் முழுக்க எழுதுகிறீர்கள். படங்களை வைத்து நான் பார்த்தவரை, இடது பக்கப் பாறையில் இருப்பது முடிப்பாசிதான். பம்ப்புக்குப் பக்கத்தில் கரும்பச்சையாக நிற்கும் கொத்து மட்டும் பிரையாப்சிஸ் மாதிரி தெரிகிறது. சாஸர்தான் முடிவு சொல்ல வேண்டும். பிரையாப்சிஸைப் பெரும்பாலான நத்தைகள் சீண்டாது என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

அப்புறம் என்ன செய்வது

முதல் வேலை கைவேலைதான். இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. கையால் பிடுங்கும் ஒவ்வொரு கைப்பிடியும், அது உறிஞ்சிய பாஸ்பேட்டோடு தொட்டியை விட்டு வெளியே போகிறது. வாரம் மூன்றில் ஒரு பங்குப் பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில், வெளியே எடுக்கும் பழைய கடல்நீரை ஒரு வாளியில் நிரப்பி, பாறையை அதற்குள் வைத்துப் பிடுங்குங்கள். பிடுங்க வராத இடத்தைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள், பாலிப்பிலிருந்து நான்கு விரல் தள்ளி. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று அந்த வேலையே வேண்டாம். பாலிப்புகளின் நடுவில் இருப்பதைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். குழாய்த் தண்ணீரில் பாறையைக் கழுவிவிடாதீர்கள், அதிலுள்ள நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். தொட்டிக்குள் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். பிய்ந்த ஒவ்வொரு துணுக்கும், தொட்டியில் அலை எழுப்பும் வேவ்மேக்கர் அனுப்பும் இடத்தில் போய் முளைக்கும். பிடுங்கிய பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள், கடலிலோ கால்வாயிலோ வேண்டாம். மண்டபம் பக்கம் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் ஏறிப் படர்ந்த கதையை அந்தப் பக்கத்து மீனவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது, தண்ணீர். உப்பை 1.025க்கு ஏற்றுங்கள், அவசரம் வேண்டாம். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சில நாள் உப்புநீரையே ஊற்றி, ஒரு நாளைக்கு லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் ஒன்று, ஒன்றரை வாரத்தில் வந்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல், லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று அளவிட்ட கரைசலில் சரிபாருங்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கோவளத்துக்குக் கேனோடு போக வேண்டாம். அந்த நாலு மாதமும் பாக்கெட் கடல் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் எடுத்தாலும் இரண்டு வாரம் இருட்டில் மூடிவைத்து, தெளிந்ததை மட்டும் வடிகட்டி, உப்பு பார்த்து ஊற்றுங்கள்.

ஆவியாவதை ஈடுசெய்ய ஊற்றும் டாப்-அப் தண்ணீரை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘சமையலறை ஆர்ஓ தண்ணீர்தான், சுத்தமானது’ என்கிறீர்கள். குடிப்பதற்குச் சுத்தமானதுதான். ஆனால் நம் வீட்டு ஆர்ஓ மெஷின்களில் பெரும்பாலும் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். சுத்தம் செய்த தண்ணீரில் கொஞ்சம் பழைய தண்ணீரைக் கலந்துவிடுவதுதான் அதன் வேலை, ருசிக்காக. உங்கள் வீட்டில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு, 90 காட்டுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தினம் 4 லிட்டர் ஊற்றுகிறீர்கள், மாதம் 120 லிட்டர். ஒவ்வொரு லிட்டரிலும் 90 மில்லிகிராம் என்றால் மாதம் கிட்டத்தட்ட 11 கிராம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், இந்த 11 கிராம் போகாது. எல்லாமே பாசி உணவு இல்லை, ஆனால் போர் தண்ணீர் என்றால் அதில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனியாக மாட்டி, டிடிஎஸ் பூஜ்யம் வந்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பூஜ்யத்தை நீங்கள் துரத்த வேண்டிய ஒரே இடம் இதுதான்.

மூன்றாவதாக, உப்பு நிலைத்து இரண்டு வாரம் ஆனபின், மேய்கிறவர்களைக் கொண்டுவாருங்கள், அதற்கு முன் வேண்டாம். ட்ரோகஸ் நத்தை கிடைத்தால் அதையே வாங்குங்கள், கவிழ்ந்தால் தானே திரும்பிக்கொள்ளும். அஸ்ட்ரேயா கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான், யாராவது நிமிர்த்த வேண்டும். முதலில் 8, ஒரு மாதம் கழித்து இன்னும் 8. வாங்கிவந்த பையிலிருந்து அப்படியே கொட்டாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்துப் பழக்கி விடுங்கள். ஒரு டக்ஸீடோ முள்ளெலி நன்றாக உழைக்கும், தளர்வாக வைத்த பவளத் துண்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் சொன்ன ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் பாசியை ஆசையாகத் தின்னும், மறுக்கவில்லை. அது நம் ஓரா மீனின் இனம்தான். ஓராவை ஆய்கிறவர்களைக் கேட்டால் முதுகு முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று சொல்வார்கள், அதே முள் இதற்கும் உண்டு. ஆனால் ஒரு சாணுக்கு மேல் வளரும் மீன். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அதை வைப்பது, மாட்டைப் பால்கனியில் கட்டுகிற மாதிரி. உங்கள் தொட்டிக்கு வேண்டாம்.

ஸ்கிம்மருக்குப் பக்கத்தில் சம்ப்பில் இடம் இருப்பதாகத் தெரிகிறது. ஒரு கைப்பிடி கீட்டோ பாசி (கொத்தாக வளரும், அள்ளி எடுக்க எளிதான பாசி) போட்டு, இரவில் மட்டும் அதற்கு ஒரு சின்ன விளக்கு போடுங்கள். மேலே வளரும் பாசி கீழே வளரட்டும், மாதம் ஒருமுறை பாதியை அள்ளிவிடலாம். மேல் விளக்கை 11 மணி நேரம் எரிக்கத் தேவையில்லை, 8 போதும். வெள்ளை நிற எல்இடியைக் குறையுங்கள், நீலம் இருக்கட்டும். உறைந்த உணவுக் கட்டிகளை வடிகட்டியில் போட்டு அலசிவிட்டுக் கொடுங்கள், அந்தச் சாற்றில் மீனுக்கு ஒன்றும் இல்லை, பாசிக்கு நிறைய இருக்கிறது.

மருந்துகளைப் பற்றி

கடைக்காரர் கொடுத்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை என்றால் அது தொட்டிக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான். நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் பாசி கொல்லிகள் பலவற்றில் தாமிரம் உண்டு. தாமிரம் உங்கள் இறாலையும் நத்தையையும் முதலில் கொல்லும், பாறையில் ஒட்டிக்கொண்டு பிறகும் கசியும். என்ன சரக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குகிற உங்களுக்கு உண்டு. சொல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் கணக்கு எல்லாம் 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 6 சதவீதம். அவர்கள் சொல்லும் மில்லியை அப்படியே ஊற்றினால் இரட்டை மடங்கு. கிளீனர் இறால் பெராக்ஸைடைத் தாங்காது, அதனால் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம் என்பேன். வெளியே எடுத்த பாறையில், பாதிக்குப் பாதி நீர் கலந்து, பிடிவாதமான ஒரு திட்டின் மேல் மட்டும் தூரிகையால் தடவி, ஒரு நிமிடம் வைத்து, கடல்நீரில் அலசிவிட்டு உள்ளே வைக்கலாம்.

ஃப்ளூகோனசோல் விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது தவறில்லை. பூஞ்சைக்கான இந்த மருந்து பிரையாப்சிஸை உண்மையிலேயே கட்டுப்படுத்துகிறது, சில முடிப்பாசிகளையும். சயனோபாக்டீரியாவுக்கும் டைனோஃப்ளாஜெல்லேட்டுக்கும் குமிழ்ப்பாசிக்கும் பிரயோஜனமில்லை. நான் இதைக் கடைசிக் கட்டமாகத்தான் வைத்திருக்கிறேன். சாஸரில் இறகு தெரிந்து, இரண்டு மாதம் கைவேலை செய்தும் அந்தக் கொத்து திரும்பத் திரும்ப வந்தால் மட்டும். பழக்கத்தில் உள்ள அளவு லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம். கல்லும் மணலும் கழித்தால் உங்களிடம் உள்ள தண்ணீர் 250 லிட்டர் வரும், அப்படியானால் 150 மில்லிகிராம் மாத்திரை 8. தண்ணீரை வடிகட்டப் போடும் கார்பனும் இரும்பு ஆக்சைடும் இருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு வாரம் தண்ணீர் மாற்றாமல் விட வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகு பாசி வெளுக்கத் தொடங்கும். அப்போதுதான் ஆபத்தே, செத்த பாசி அழுகி ஆக்ஸிஜனைத் தின்னும். இரவு பகலாகக் காற்றுக்குமிழி ஓட வேண்டும், கரண்ட் போனால் ஓடும் பேட்டரி ஏர்பம்ப் ஒன்று கையில் இருக்க வேண்டும். வெளுத்ததை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருங்கள். முடிந்ததும் கார்பன் போட்டு மருந்தை இழுத்துவிட்டுத்தான் தண்ணீரை வெளியே கொட்ட வேண்டும். இது மருத்துவர் சீட்டில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பேசி வாங்குங்கள், வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

ராமேஸ்வரத்துக் கல்

நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் கொண்டுவருவதாகச் சொல்லும் கல், பவளத்தின் எலும்புக்கூடு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள திட்டுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா. கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. 2022 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல். ‘செத்த கல்தானே’ என்ற வாதம் எடுபடாது, துண்டும் பொருளும் சேர்த்தேதான் சட்டம் பேசுகிறது. கொண்டுவருகிறவரும் மாட்டுவார், வைத்திருக்கிறவரும் மாட்டுவார். தொட்டியில் கல் பவளம் வைக்காமல் இருப்பதற்கு உங்களைப் பாராட்டத்தான் நினைத்தேன், இந்தக் கல்லை வாங்கி அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அது போகட்டும், உங்களுக்குப் புதுக் கல் தேவையே இல்லை. இரண்டு வருடம் பழகிய பாறையில்தான் தொட்டியின் பாக்டீரியா எல்லாம் குடியிருக்கிறது. அதை மொத்தமாக மாற்றினால் அமோனியா ஏறி மீனும் போகும். அப்படியே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் செயற்கைப் பீங்கான் பாறை கிடைக்கிறது, ஒரு நேரத்தில் ஒன்று என்று மாற்றலாம்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஒன்றும் மாறாதது போலவே இருக்கும், பிடுங்கிய இடத்தில் திரும்பவும் முளைக்கும். கல்லிலிருந்து பாஸ்பேட் கசிந்துகொண்டிருக்கும்வரை அப்படித்தான். இரண்டாம் மாதம் முளைப்பது குட்டையாகவும் வெளிறியும் வரும். நடுவில் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 3, 4 என்று காட்டத் தொடங்கினால் பதறாதீர்கள், பந்தியில் ஆள் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் மாதம் பாறையில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நீங்கள் துணிந்து ஒரு நாள் விடுமுறை எடுக்கலாம்.

சாஸர் படத்தை அனுப்புங்கள், பம்ப்புக்குப் பக்கத்துக் கொத்துதான் வேண்டும். விளக்கு 11 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமானால் கரண்ட் பில்லும் கொஞ்சம் இறங்கும். அந்தச் செய்தியை மாமியாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.